பிண்ணாக்குக் காசு மூத்திரத்தில் போகிறதா? அக்கா சொல்லும் 7 டிப்ஸ்

பிண்ணாக்கைக் கூட்டிப் போட்டால் பாலும் கூடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் போடுகிறோம், தங்கச்சி. ஓர் அளவுக்கு மேல் அது பாலாகாது. மாடு தின்கிற புரதத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் பாலில் வந்து சேரும். மிச்சமெல்லாம் சாணமும் மூத்திரமும்தான்.

காரணம் மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் பிண்ணாக்கின் புரதத்தில் பெரும்பகுதியை உடைத்து அம்மோனியா ஆக்கும். அதை எடுத்துக்கொண்டு தாமும் பெருகும். பிறகு அவையே குடலுக்கு இறங்கிச் செரித்து, மாட்டுக்குப் புரதமாகும். அப்படிப் பெருக மாவுச்சத்து வேண்டும். அது இல்லாமல் பிண்ணாக்கை மட்டும் கொட்டுவது, செங்கல்லை இறக்கிவிட்டுக் கொத்தனாருக்குக் கூலி கொடுக்காத கதைதான். மிஞ்சும் அம்மோனியா ரத்தத்தில் ஏறும். ஈரல் அதை யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளும். அந்த வேலைக்கும் மாட்டின் சத்துதான் செலவு.

1. கலந்து போடு: 100 கிலோ தீவனத்துக்கு உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 40 கிலோ, பிண்ணாக்கு 30, தவிடு 27, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. கடலைப் பிண்ணாக்கு என்றால் இதில் சுமார் 20 சதவீதம் புரதம் இருக்கும்.

2. அளந்து போடு: கலப்பினப் பசுவுக்கு உடம்பைக் காக்க 2 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 6 கிலோ போதும். பால் வற்றி வந்தால் தீவனத்தையும் குறை.

3. பிரித்துப் போடு: கறவைக்குக் கறவை மொத்தமாகக் கொட்டாமல், முடிந்தால் மூன்று நான்கு வேளையாகக் கொடு. அம்மோனியா ஒரேயடியாக ஏறாது. சோறும் கஞ்சியும் அளவு மீறிக் கொடுத்தால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும். மாவுச்சத்துக்கும் அளவு உண்டு.

4. ஒரே பிண்ணாக்கை நம்பாதே: கடலைப் பிண்ணாக்கு முதல் வயிற்றில் சீக்கிரம் உடைந்துவிடும். தேங்காய், பருத்திவிதைப் பிண்ணாக்குகள் மெதுவாக உடையும். அவற்றின் புரதத்தில் கூடுதல் பங்கு நேராகக் குடலுக்குப் போகும். பாதிக்குப் பாதி கலந்து பார். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதே.

5. புல்லோடு பயறுவகை: மூன்று பங்கு கம்பு நேப்பியருக்கு ஒரு பங்கு வேலிமசால் அல்லது காராமணி சேர். பிண்ணாக்குச் செலவு குறையும். சூபாபுல் மட்டும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; அதில் மைமோசின் என்ற நச்சு உண்டு.

6. யூரியாவில் விளையாடாதே: தண்ணீர் காட்டும் தொட்டியில் கரைத்து ஊற்றினால் மாடு செத்தே போகும். வைக்கோலைச் சத்தாக்க வேண்டுமென்றால் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வை. எடுத்து ஆறவிட்டு, கார நெடி போன பிறகே போடு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டவே வேண்டாம்.

7. கொட்டகையைக் கவனி: கழுவிவிட்ட கொட்டகையிலும் விடியற்காலை கண் எரிகிற நெடி அடிக்கிறதா? சாணம் கூழாக விழுகிறதா? ஊசி போட்டும் சினை நிற்கவில்லையா? மூன்றுக்கும் வேறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் புரதம் மிஞ்சுவதும் ஒரு காரணம். கால்நடை மருத்துவரிடம் காட்டும்போது, என்ன தீவனம், எத்தனை கிலோ என்பதையும் சொல். பாலில் உள்ள யூரியா அளவைப் பார்க்கும் வசதி இருந்தால் கேட்டுச் செய்துகொள்.

என்ன செய்தாலும் கொஞ்சம் தழைச்சத்து மூத்திரத்தில் போகத்தான் செய்யும். அதைச் சாக்கடையில் விடாமல், வாய்க்கால் வெட்டித் தீவனப் புல்லுக்குத் திருப்பு.

அடுத்த முறை பால் குறைந்தால் உடனே இன்னொரு மூட்டை பிண்ணாக்குக்கு ஓடாதே. முதலில் தீவனத்தில் தானியம் எவ்வளவு இருக்கிறது என்று பார், தங்கச்சி.