வேருக்குள் ஒளிந்திருக்கும் எதிரி: நம் பிள்ளைகள் அறியாத ஒரு படிப்பு



பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுவாரமே நமது அறக்கட்டளை அலுவலகத்தில் கல்வி உதவி விண்ணப்பங்கள் குவியத் தொடங்கிவிடும். பத்தில் எட்டு விண்ணப்பங்களில் டாக்டர், இன்ஜினியர் என்றுதான் இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் வேறு படிப்புகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பும் நமக்கு உண்டு. அந்தப் பொறுப்பில் நாம் ஒருமுறை தவறியதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு விஷயத்துக்கு வருகிறோம்.

சென்ற ஆண்டு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு வாழை விவசாயியின் மகள், பி.எஸ்சி. வேளாண்மை படிக்க உதவி கேட்டு விண்ணப்பித்திருந்தார். "விவசாயத்துக்கு எதற்குக் கல்லூரி? அப்பாவிடமே கற்றுக்கொள்ளலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நாமும் சிரித்துக்கொண்டே அந்த விண்ணப்பத்தை இரண்டாம் பட்டியலுக்குத் தள்ளிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து, பெரிய காற்று எதுவும் அடிக்காமலேயே அவருடைய தோட்டத்தில் தார் போட்ட வாழைகள் வரிசையாகச் சாய்ந்தன. கடையில் சொன்னபடி உரமும் பூஞ்சாணக் கொல்லியும் மாறி மாறிப் போட்டு, வாங்கிய கடனையும் செலவழித்திருந்தார். ஆறுதல் சொல்லப் போன நாம் அங்கே இருந்தபோதே வேளாண் அலுவலர் ஒருவர் வந்தார். சாய்ந்த மரத்தின் வேரை எடுத்து, கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய உட்பகுதி செம்பழுப்பாகவும் கருப்பாகவும் கிடந்தது. "இது உரக் குறையும் இல்லை, பூஞ்சாணமும் இல்லை. நூற்புழு. கன்று வாங்கும்போதே கூட வந்திருக்கும்" என்றார். அந்தப் பெண் பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நமக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

நூற்புழு என்றால் என்ன?

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவையும், குழந்தைகளின் வயிற்றில் வரும் உருண்டைப் புழுவையும் நாம் அறிவோம். அதே பெரும் இனத்தைச் சேர்ந்தவைதான் பயிர்களைத் தாக்கும் நூற்புழுக்களும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளத்தைக்கூடத் தாண்டாது. நிறமும் இல்லை. எனவே கண்ணுக்குத் தெரியாது. வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதை வேரின் செல்லுக்குள் குத்திச் சாற்றை உறிஞ்சும்.

தக்காளி, கத்தரி, வெண்டைச் செடிகளைப் பிடுங்கினால் வேரில் சில சமயம் மணி கோத்தது போல முடிச்சுகள் இருக்கும். அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. ஒரு பெண் புழு சில நூறு முட்டைகள் இடும். நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். வாழையைச் சாய்ப்பது துளைக்கும் நூற்புழு. அது வேரைக் குடைந்துகொண்டே போவதால், தாரின் எடையைத் தாங்கும் பிடிமானம் மரத்துக்கு இல்லாமல் போகிறது.

எல்லா நூற்புழுவும் எதிரி அல்ல. மண்ணில் மக்கச் செய்யும் வேலைக்கு உதவுபவை உண்டு. வேரைத் தின்னும் வண்டுப் புழுக்களைக் கொல்பவையும் உண்டு. எது நண்பன், எது பகைவன் என்று பிரித்தறியக் கற்றவர்தான் நூற்புழுவியல் வல்லுநர்.

இந்த அறிவு வந்த வழி

1743ல் நீதம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், சூம்பிப்போன கோதுமை மணியைப் பிரித்துத் தண்ணீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நார் போலக் கிடந்தவை நெளியத் தொடங்கின. பயிரைத் தாக்கும் நூற்புழுவை மனிதர் கண்ட முதல் பதிவு அதுவே. வேர்முடிச்சுப் புழுவை 1855ல் இங்கிலாந்தில் கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரியில் பெர்க்கிலி கண்டார். இந்தியாவில் முதல் பதிவு நம் தமிழகத்திலிருந்துதான். 1901ல் நீலகிரியின் தேவாலாவில் தேயிலை வேரில் இருந்ததை பார்பர் என்ற தாவரவியலாளர் பதிவு செய்தார்.

நீலகிரி மக்களுக்கு இன்னொரு கசப்பான அனுபவமும் உண்டு. 1961ல் ஊட்டிப் பகுதி உருளைக்கிழங்கில் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இந்தப் புழு செத்த பிறகும் அதன் உடல் கெட்டியான கூடாகி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல ஆண்டுகள் மண்ணில் காத்து வைத்திருக்கும். அதனால் நீலகிரியின் விதைக்கிழங்கை வெளி மாநிலங்களுக்கு அனுப்பத் தடை வந்தது. எதிர்ப்புத் தன்மையுள்ள குஃப்ரி சுவர்ணா போன்ற ரகங்களும் பயிர்ச் சுழற்சியும்தான் அந்த விவசாயிகளுக்குக் கைகொடுத்தன. அந்த ரகங்களை உருவாக்கியதன் பின்னால், கூட்டை எண்ணி எண்ணிக் கண் வலித்த ஆய்வாளர்களின் ஆண்டுகள் இருக்கின்றன.

நம்மவர்களின் பங்கு

இந்தத் துறையின் வரலாற்றில் முஸ்லிம் ஆய்வாளர்களுக்குப் பெரிய இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சர் செய்யித் அஹ்மத் கான் 1875ல் விதைத்த அலிகர் கல்லூரி, 1920ல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் விலங்கியல் துறை இந்திய நூற்புழு ஆய்வின் முன்னோடி மையங்களுள் ஒன்று. பேராசிரியர் எம்.ஏ. பஸீர் அங்கே அடித்தளம் போட்டார். அவர் பெயரால் ஒரு நூற்புழுப் பேரினத்துக்கே 1959ல் 'பஸீரியா' என்று பெயரிட்டவர் முஹம்மது ரஃபீக் சித்தீகி. சித்தீகி பின்னர் இங்கிலாந்தில் பணியாற்றினார். 1986ல் அவர் வெளியிட்ட பெருநூல், பயிர் நூற்புழுக்களை வகைப்படுத்துவதில் உலகெங்கும் ஆய்வாளர்கள் புரட்டும் நூலாக இருக்கிறது.

அதே அலிகரில் நூற்புழுக்களை ஆராய்ந்த ஷமீம் ஜெய்ராஜ்புரி, இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். 1998ல் ஹைதராபாத்தில் தொடங்கிய மவ்லானா ஆசாத் தேசிய உருது பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவரே. கண்ணுக்குத் தெரியாத ஒரு புழுவைப் பொறுமையாகப் படித்தவர் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், சமூகத்தில் சிலராவது கற்றிருக்க வேண்டிய ஃபர்ளு கிஃபாயாவான துறைகளில் விவசாயத்தையும் சேர்த்துள்ளார்கள். ஊரில் ஒருவருக்குமே தெரியாவிட்டால் பொறுப்பு எல்லோர் மீதும் நிற்கும் என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். அன்று அந்த வாழைத் தோட்டத்தில் நமக்கு அந்தப் பாடம்தான் நினைவுக்கு வந்தது.

என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் பி.எஸ்சி. வேளாண்மை அல்லது தோட்டக்கலைக்கு விண்ணப்பிக்கலாம். நான்கு ஆண்டுப் படிப்பு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடத்துகிறது. நீட் தேவையில்லை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடும், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இதற்கும் உண்டு. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்காததால் வாய்ப்பை இழப்பவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து அதில் அலட்சியம் வேண்டாம்.

பட்டம் முடித்தபின் எம்.எஸ்சி. வேளாண்மையில் நூற்புழுவியலைத் தனிப் பாடமாக எடுக்கலாம். கோவையிலேயே அதற்குத் தனித் துறை இருக்கிறது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருக்கிறது. கலைக் கல்லூரியில் விலங்கியல், தாவரவியல் படித்த பிள்ளைகளுக்கும் கதவு மூடவில்லை. அலிகர் போன்ற பல்கலைக்கழகங்களில் அந்தத் துறைகள் வழியாகவே இந்த ஆய்வுக்குள் நுழையலாம்.

வேலை என்று பார்த்தால் வேளாண் பல்கலைக்கழகங்கள், மத்திய அரசின் பயிர் ஆராய்ச்சி நிலையங்கள், துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் விதையையும் செடியையும் பரிசோதிக்கும் பயிர்த் தனிமைப்படுத்தல் அலுவலகங்கள், விதை நிறுவனங்கள், உயிரியல் பூச்சிக்கொல்லி தயாரிப்பாளர்கள் எனப் பல இடங்கள் உண்டு. வளைகுடா நாடுகளின் மணல் மண்ணிலும் பசுமைக் குடில்களிலும் வேர்முடிச்சுப் புழு பெரிய தொல்லை. அங்கே டிரைவராகவும் கடை ஊழியராகவும் போன நம் வீட்டுப் பிள்ளைகள், பயிர் ஆலோசகராகவும் போக முடியும்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. ஆராய்ச்சிப் பணிக்கு முனைவர் பட்டம் வரை போக வேண்டும். பிளஸ் டூவுக்குப் பின் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும். பணியிடங்கள் குறைவு, போட்டித் தேர்வு கடினம். சேற்றில் இறங்கி மண் எடுக்க வேண்டும், பிறகு மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் கண் பதிக்க வேண்டும். ஆனால் முனைவர் பட்டம் வரை போகாதவரும் வேளாண் பட்டத்தைக் கொண்டு வேளாண் அலுவலர் தேர்வு, வங்கியின் வேளாண் அதிகாரி தேர்வு ஆகியவற்றை எழுதலாம். எனவே வழி பாதியில் அடைபடுவதில்லை.

தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியவை

1. நோய் கண்ட தோட்டத்திலிருந்து வாழைக் கன்று வாங்காதீர்கள். கன்றின் கிழங்கைச் சீவிப் பாருங்கள். கருத்த பகுதியைச் சீவி எறிந்துவிட்டு நடுங்கள். கொய்யா, மாதுளை நாற்று வாங்கும்போதும் வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். புழு பெரும்பாலும் நாற்றங்காலிலிருந்துதான் பயணம் செய்கிறது.

2. செடி வாடினால் உடனே உரமோ மருந்தோ வாங்காதீர்கள். முதலில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.

3. சந்தேகம் இருந்தால், வேர்ப் பகுதியில் ஒரு சாண் ஆழம் வரை தோட்டத்தின் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, கால் கிலோ அளவு மண்ணைச் சிறிது வேருடன் பாலிதீன் பையில் கட்டுங்கள். வெயிலில் காய வைக்கக் கூடாது. காய்ந்தால் புழு செத்துவிடும், சோதனை பயன்படாது. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துக் கேளுங்கள்.

4. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைக்காதீர்கள். செண்டுமல்லியும் சணப்பும் இடையில் வைத்தால் வேர்முடிச்சுப் புழு குறையும். வேப்பம் புண்ணாக்கும் உதவும்.

நமது தீர்மானம்

தள்ளி வைத்த அந்த விண்ணப்பத்தை மறுபடியும் எடுத்து, உதவியை வழங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை இப்போது வேளாண்மை படிக்கிறார். அவர் நூற்புழுவைத்தான் படிப்பார் என்று நாம் சொல்ல முடியாது. அது அவருடைய விருப்பம். அவருடைய தகப்பனாரின் கடன் இன்னும் தீரவில்லை. அதில் ஒரு பகுதியைப் பைத்துல்மாலிலிருந்து ஏற்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேச இருக்கிறோம்.

இந்த ஆண்டு முதல் வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, மீன்வளப் படிப்புகளும் மருத்துவம், பொறியியலோடு ஒரே பட்டியலில் பரிசீலிக்கப்படும். பெண் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பெற்றோர் தயங்காமல் கொண்டு வரலாம். படிவம் நிரப்பவும் சான்றிதழ் வாங்கவும் அலுவலகத்தில் உதவி கிடைக்கும்.

மரம் நட்டவருக்கு, அதன் கனியைப் பறவை கொத்தினாலும் நன்மை உண்டு என்று சிறு வயதிலேயே கற்றவர்கள் நாம். அந்த மரத்தின் வேரைக் காக்கும் அறிவும் அந்த நன்மையில் சேரும் என்று நம்புகிறோம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அதை மதிக்கும் மனதையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்