நகரும் படிக்கட்டும் மென்மையான செருப்பும்

நோன்புப் பெருநாள் நெருங்கிவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் செருப்புக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஓட்டைகள் உள்ள, பாரமில்லாத, மென்மையான இறப்பர் செருப்பென்றால் சிறுவர்களுக்குக் கொள்ளை ஆசை. சென்ற பெருநாளுக்கு என் ஐந்து வயதுத் தம்பிக்கும் உம்மா அதையே வாங்கிக் கொடுத்தார்.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு கடைத்தொகுதிக்குப் போனோம். எஸ்கலேட்டர் எனப்படும் நகரும் படிக்கட்டில் தம்பி ஓரமாக நின்றான். திடீரென அலறினான். செருப்பின் முனை பக்கச் சுவர் இடுக்கில் இழுபட்டுக்கொண்டிருந்தது. நான் பதறித் தூக்கியதில் கால் கழன்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ், விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. செருப்பு மட்டும் கிழிந்துபோனது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2006 ஜனவரி முதல் நகரும் படிக்கட்டுகளில் கால் சிக்கியதாக 77 முறைப்பாடுகள் கிடைத்ததாகவும், அவற்றுள் இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் இவ்வகை மென்மையான செருப்புகளால் நேர்ந்தவை என்றும் அமெரிக்காவின் நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழு 2008இல் எச்சரித்தது. அதே ஆண்டில் ஜப்பானிய அரசு, செருப்பின் வடிவமைப்பை மாற்றுமாறு தயாரிப்பாளரைக் கேட்டுக்கொண்டது.

காரணம் எளிது. படி நகர்கிறது, பக்கச் சுவர் நகர்வதில்லை. கடினமான தோற் சப்பாத்து சுவரில் பட்டால் பெரும்பாலும் வழுக்கிச் செல்லும். மென்மையான செருப்போ ஒட்டிப் பிடித்து, வளைந்து, இடுக்கினுள் போய்விடும். எந்த மென்மைக்காக வாங்குகிறோமோ, அதுவே இங்கு ஆபத்தாகிறது.

படிக்கட்டின் இரு பக்கமும் தூரிகை போன்ற ஒரு வரிசையைக் கண்டிருப்பீர்கள். பலர் அதில் சப்பாத்தைத் துடைக்கின்றனர். உண்மையில் அது காலை ஓரத்திலிருந்து விலக்கி வைக்கவே பொருத்தப்பட்டது.

பெற்றோரே, பிள்ளையின் கையைப் பிடித்து, மஞ்சள் கோடுகளுக்கு நடுவே, முன்னோக்கி நிற்கச் செய்யுங்கள். முடிவில் காலைத் தூக்கி வைக்கப் பழக்குங்கள். சப்பாத்து நாடாவை இறுகக் கட்டிவிடுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே உள்ளது என்று ஏறுமுன் பாருங்கள். "அடுத்த வருஷமும் போடலாம்" என்று பெரிய அளவில் வாங்காதீர்கள். அது தடுக்கி விழச் செய்யும். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பொருளில் குறையிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

செருப்பணியும்போது வலது காலை முற்படுத்துவது சுன்னத் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். நகரும் படியில் எங்கே நிற்பதென்று சொல்லிக் கொடுக்க மறந்திருந்தோம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதை இன்றே சொல்லிக் கொடுங்கள்.