சைக்கிளில் ஆபீஸ் போகிறீர்களா?

சென்னைச் சாலையில் சைக்கிள்காரருக்குப் பெரிய ஆபத்து, நிறுத்தத்தில் நிற்கும் மாநகரப் பேருந்தின் இடப்பக்கச் சந்துதான். படிக்கட்டு அந்தப் பக்கம். ஆள் இறங்குவார், பேருந்தும் சட்டென்று ஓரம் ஒதுங்கும். டிரைவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள். பின்னாலேயே நின்று, அது கிளம்பியதும் போங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டாதீர்கள். கதவு முழுதாகத் திறந்தாலும் இடிக்காத அளவு, ஒரு மீட்டராவது தள்ளிப் போங்கள். வலப்பக்கம் திரும்புமுன் பின்னால் பார்த்து, கையை நன்றாக நீட்டிக் காட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீருக்குள் சக்கரத்தை விடவே வேண்டாம்; அடியில் பள்ளமா, திறந்த சாக்கடையா தெரியாது. ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே அழுத்துங்கள். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

கார் ஓட்டுபவர்களே, வலப்பக்கக் கதவை இடக்கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.