பேக்கப் ஓடவே இல்லையா? டாஸ்க் ஷெட்யூலரைக் கவனியுங்கள்!

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் சிலர், போட்டோக்களை தினமும் வேறொரு டிரைவிற்கு காப்பி செய்திடும் வேலையை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். குறித்த நேரம் வந்தால் வேலை தொடங்கிவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் ஷெட்யூலர் அதற்கு முன் சில சோதனைகளைச் செய்கிறது. அதில் ஒன்று தவறினாலும் அன்றைய வேலை அம்பேல்! திரையில் ஒரு செய்தி கூட வராது.

என் அக்காவின் லேப்டாப்பில் இரவு 10 மணிக்கு பேக்கப். அந்த நேரத்தில் அது சார்ஜரில் இருப்பதே இல்லை. ‘லாஸ்ட் ரன் டைம்’ பார்த்தால் இரண்டு மாதத்திற்கு முந்தைய தேதி. குழந்தையின் பிறந்தநாள் படங்கள் அனைத்தும் ஒரே டிஸ்க்கில்!

காரணம் இதுதான். புதிய டாஸ்க் எதுவானாலும், கரண்ட் இணைப்பு இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற நிபந்தனை தானாகவே டிக் செய்யப்பட்டிருக்கும். ‘கிரியேட் பேசிக் டாஸ்க்’ வழியாகச் சென்றால் இது கண்ணிலேயே படாது.

ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என டைப் செய்து திறந்திடுங்கள். இடப்பக்கம் உள்ள லைப்ரரியில் உங்கள் டாஸ்க் மீது டபுள் கிளிக் செய்து ‘கண்டிஷன்ஸ்’ டேப் செல்லவும். ‘பவர்’ பகுதியில், பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்ற டிக்கை முதலில் எடுங்கள். அதற்கு மேலே உள்ள ஏசி பவர் டிக்கை அடுத்து எடுங்கள். வரிசை மாறினால் கீழே உள்ளது மங்கிப்போய் கிளிக் செய்ய முடியாது.

எல்லா டாஸ்க்கிலும் இப்படிச் செய்திட வேண்டாம். வைரஸ் ஸ்கேன் போன்ற கனமான வேலைகளுக்கு இந்த நிபந்தனை இருப்பதே நல்லது. இல்லையேல் பேட்டரி காலி.

அந்த நேரத்தில் கம்ப்யூட்டரே ஆஃப் ஆகியிருந்தால்? ‘செட்டிங்ஸ்’ டேபில், தவறிய வேலையை முடிந்தவரை விரைவில் இயக்கு என்ற பொருள் தரும் வரியை டிக் செய்திடுங்கள்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் இயங்கும்படி அமைத்தவர்கள் ‘ட்ரிக்கர்ஸ்’ டேபில் எடிட் அழுத்தி, ‘டிலே டாஸ்க் ஃபார்’ என்பதில் 1 நிமிடமாவது தரலாம். நெட்வொர்க்கும் வெளி டிரைவும் தயாராக அவகாசம் கிடைத்திடும்.

பின் டாஸ்க்கில் ரைட் கிளிக் செய்து ‘ரன்’ கொடுங்கள். ‘லாஸ்ட் ரன் ரிசல்ட்’ பகுதியில் 0எக்ஸ்0 என வந்தால் வெற்றி என்று பொருள். நான் அதை மட்டும் நம்புவதில்லை. பேக்கப் டிரைவைத் திறந்து, இன்று எடுத்த ஒரு படம் அங்கே இருக்கிறதா, திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.