எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர்களுக்கு: அன்கி கார்டுகளை ஒழுங்குபடுத்துவது எப்படி?



நமது டிரஸ்டின் கல்வி உதவி பெற்று மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் பலர் இப்போது அன்கி என்ற செயலியில் படிக்கிறார்கள். கார்டின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். தெரிந்த கார்டு பல நாள் கழித்து வரும். தெரியாதது சில நிமிடங்களில் திரும்ப வந்து நிற்கும். ஹிஃப்ழு மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. புதுப் பாடத்தோடு பழைய ஜுஸ்வையும் ஒப்பிக்காமல் உஸ்தாத் விடமாட்டார். எந்தப் பழைய பாடம் எந்த நாளில் என்ற கணக்கை இங்கே செயலி பார்த்துக்கொள்கிறது.

ஆனால் ஆர்வமாகத் தொடங்கிப் பாதியில் கைவிடுபவர்களும் உண்டு. அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றிலும் தேறாமல் இரண்டாமாண்டு இல்லை. தேர்வு எழுத நான்கு வாய்ப்புகளுக்கு மேலும் இல்லை. எனவே எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

சீனியர் அனுப்பிய பல்லாயிரம் கார்டுகளை மொத்தமாக இறக்கிக்கொள்வதுதான் முதல் சறுக்கல். செயலி தானாக வைத்திருக்கும் அளவு, நாளைக்கு 20 புதிய கார்டுகள். அதற்கே சில வாரங்களில் திருப்பிப் பார்க்க வேண்டியவை நாளைக்குச் சுமார் 200 ஆகிவிடும். 100 என்று மாற்றியவருக்கு 1000! டிசெக்‌ஷன் ஹாலில் நின்றுவிட்டு ஹாஸ்டலுக்கு வந்து அத்தனையும் யாரால் முடியும்? இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் போதும், குவியலைப் பார்த்தே மனம் விட்டுப்போகும். இறக்கியவுடன் எல்லாக் கார்டுகளையும் 'சஸ்பெண்ட்' செய்துவிடுங்கள். அன்றன்று வகுப்பில் நடந்த பாடத்துக்குரியவற்றை மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, அதிகாரத்துக்கு ஒன்றாக டெக்குகளைப் பெருக்குவது. பார்க்க அழகாக இருக்கும்; படிப்புக்கு உதவாது. 'கை நரம்புகள்' என்ற டெக்கைத் திறந்தாலே பாதி விடை தெரிந்துவிடுகிறதே! தேர்வுத்தாள் அப்படித் தலைப்புப் போட்டுக் கேட்பதில்லை. ஒரே டெக் போதும்; பிரிப்பதை 'டேக்' மூலம் செய்யுங்கள். ஒரு கார்டு ஒரு டெக்கில்தான் இருக்க முடியும், டேக் எத்தனையும் போடலாம். மேற்கை எலும்பின் நடுத்தண்டு முறிந்தால் அடிபடக்கூடிய நரம்பு எது? ரேடியல் நரம்பு. இந்தக் கார்டுக்கு 'அனாட்டமி', 'ஆர்த்தோ', 'மாதிரித் தேர்வில் தவறியது' என்று மூன்று டேக் போடலாம். தேர்வு நெருங்கும்போது தவறியவற்றை மட்டும் ஃபில்டர் டெக்கில் இழுத்துப் பார்க்கலாம். பின்னாளில் எலும்பு முறிவுப் பாடம் வரும்போது இதே கார்டு கைகொடுக்கும்.

சொந்தமாக எழுதும் கார்டில் ஒரு கேள்விக்கு ஒரே விடை இருக்கட்டும். புத்தகப் பத்தியை அப்படியே ஒட்டுவது கார்டு அல்ல, ஜெராக்ஸ். உடற்கூறுப் படங்களில் பெயர்களை மறைத்துக் கேட்கும் வசதி செயலியிலேயே உண்டு.

ஃபஜ்ருக்குப் பின் பழைய கார்டுகளை முடித்துவிடுங்கள், புதியவை மாலையில். ஒருநாள் அதற்கு நேரமில்லை என்றால் புதியதை நிறுத்துங்கள், பழையதை அல்ல.

ஆண்ட்ராய்டு போனிலும் கம்ப்யூட்டரிலும் அன்கி இலவசம், ஐபோனுக்குத்தான் காசு. கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் அஸருக்குப் பின் நமது அலுவலகத்துக்கு வந்து அங்குள்ளதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.