கல்யாண மண்டபத்தில் கேமராவோடு நிற்கிறீர்களா?

மண்டபத்துக்குள் எடுக்கும் படம் கலங்கலாக வந்தால் மெகாபிக்சலைக் குறை சொல்லாதீர்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மேடைகூடக் கேமராவுக்கு அரை இருட்டுதான். ஆட்டோவில் விட்டால் ஷட்டர் நிதானமாக மூடும். அதற்குள் மாப்பிள்ளையின் கை அசைந்துவிடும்.

ஆகவே டயலை 'எஸ்' என்ற எழுத்துக்குத் திருப்புங்கள் (கேனனில் அது 'டிவி'). ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200. படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும். தட்டட்டும், ஆடிப்போன படத்துக்கு அது எவ்வளவோ மேல். தவில்காரரின் விரல்களோ அட்சதை தூவும் கைகளோ வேண்டுமென்றால் 1/250க்குப் போகலாம்.

கேமராவோடு வரும் சின்ன ஃபிளாஷ் மூன்று நான்கு மீட்டர் தாண்டி எட்டாது. பின்வரிசையிலிருந்து அடித்தால் முன்னால் இருக்கும் மாமாவின் வழுக்கைதான் மின்னும்! அணைத்துவிட்டுக் கிட்டே போங்கள். ஜூம் வேண்டாம், சாதாரண லென்ஸ்களில் இழுக்க இழுக்க உள்ளே வரும் வெளிச்சம் குறையும்.

மஞ்சள் விளக்கு என்றால் ஒயிட் பேலன்ஸில் பல்பு படம் போட்டதைத் தேர்ந்தெடுங்கள். பட்டுப்புடவையின் நிறம் மாறாது.

கெட்டிமேளம் கேட்டதும் தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதியைத் தேடாதீர்கள், முன்பே போட்டு வையுங்கள். ஒரே வேண்டுகோள்: தாலி கட்டும்போது கல்யாணப் போட்டோகிராபரை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.