ஏறாத கப்பலில் வந்த குமட்டல்

அன்புள்ள தம்பிக்கு,

கௌண்டின்யா என்ற தையல் கப்பலைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை கோபத்தோடு.

கார்வாரில் கரையில் நின்று கப்பலைப் பார்த்தாய். சரி. அது போர்பந்தரில் 2025 டிசம்பர் 29 அன்று பாய் விரித்து, 2026 ஜனவரி 14 அன்று மஸ்கட் சேர்ந்தபோது நீ அதில் இல்லை. அப்புறம் ஐந்தாம் பத்தியில் உனக்கு எப்படிக் குமட்டிக்கொண்டு வந்தது? ‘அலை எங்களைத் தூக்கிப் போட்டது’ என்கிறாய். யாரைத் தம்பி?

நம்ம ஊர்க்காரன் இதைச் செய்யலாமா? 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்க மைன்ஸை மூடிய பிறகு இங்கே எத்தனை பேர் வந்தார்கள்! சயனைடு கழிவு மேட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மாரிக்குப்பத்தில் டீ குடித்துவிட்டு, பாதாள இருட்டு தங்களை விழுங்கியதாக எழுதினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். கூண்டில் இறங்கினவனுக்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை. காது அடைக்கும், போகப் போகச் சட்டை முதுகில் ஒட்டும். மேலே மணி அடிப்பதை வைத்தே கூண்டில் ஏறியிருப்பது ஆளா, கல்லா என்று தெரிந்துவிடும். அந்த மணியை அவர்களில் ஒருவரும் எழுதவில்லை.

அடுத்த எரிச்சல்: ‘ஒரு ஆணிகூட இல்லாமல்’. நாலு இடத்தில் வருகிறது. ஆணி இல்லை, சரி, வேறு என்ன இருக்கிறது? பலகை ஓரத்தில் துளை போட்டு, இடுக்கின்மேல் தேங்காய் நாரைப் பொதியாக வைத்து, தேங்காய்க் கயிற்றை உள்ளேயும் வெளியேயும் கோத்து இறுக்குகிறார்கள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். துளையைக் குங்கிலியம் போன்ற பிசினால் அடைக்கிறார்கள். கேரளத்துக் கப்பல் தச்சர் பாபு சங்கரனும் அவருடைய ஆட்களும் கோவாவில் இப்படி ஆயிரக்கணக்கில் தையல் போட்டார்கள். அஜந்தா சுவரில் இருக்கும் ஒரு ஓவியம்தான் அவர்களுக்கு வரைபடம். கப்பல் தண்ணீரில் எப்படி நடந்துகொள்ளும் என்று மாதிரியை வைத்துச் சோதித்தது சென்னை ஐஐடி. உன் கட்டுரையில் பாயில் இருக்கும் கண்டபேருண்டப் பறவைக்கு ஒரு பத்தி, முகப்பு யாளிக்கு ஒரு பத்தி. கயிற்றுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

கயிறு என்றால் எனக்குப் பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். காலை ஷிஃப்டுக்கு முன்னால் கூண்டின் கம்பிக் கயிற்றை மெதுவாக ஓட்டுவார்கள். ஒரு பெரியவர் வேஸ்ட் பஞ்சை உள்ளங்கையில் வைத்து அந்தக் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். ஒரே ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் பஞ்சு மாட்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் நாங்கள் கூண்டில் ஏறுவோம். அவர் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கௌண்டின்யாவிலும் அப்படி ஒருவர் இருக்கத்தானே வேண்டும்? நடுக்கடலில் தையல் தளர்ந்தால் யார் கண்ணில் படும், எந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்? அதைக் கேட்டிருந்தால் உனக்கு அந்தப் பொய்க் குமட்டல் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் அந்த ஒரு வரி! தளத்தில் வைத்திருக்கும் ஹரப்பா பாணிக் கல் நங்கூரத்தின்மேல் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார் என்று எழுதியிருக்கிறாயே. அடடா! அந்தத் துண்டைப் பார்த்த கண்ணுக்கு என் நாற்பது வருஷ எழுத்தையும் தூக்கிக் கொடுப்பேன். மந்திரி வந்துபோன இடத்தில் உனக்கு மட்டும் அது கண்ணில் பட்டிருக்கிறது. அதைக் கட்டுரையின் வாலில் ஒளித்து வைத்திருக்கிறாய், முட்டாள்.

ஐந்தாம் பத்தியை அடித்துவிடு. யாளியைப் பாதியாகக் குறை. சுக்கானுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் துடுப்பு வைத்துத்தான் அந்தக் கப்பலைத் திருப்புகிறார்கள். அதைப் பிடித்த மாலுமி ஒருவரைத் தேடிப் பிடித்து, காற்று திரும்பும்போது துடுப்பு எவ்வளவு கனக்கும், கையில் எங்கே காய்த்துப்போயிற்று என்று கேள். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுது. பத்திரிகைக்குப் போகுமுன் எனக்கு அனுப்பு. கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, பொடி எழுத்தும் தெரிகிறது.

அன்புடன்,
அண்ணன்